சந்தேகத்துக்கு ஒரு பூஜ்யம்

காலையில் எழுந்ததும் கேன்களைத் தூக்கிப் பார்ப்பேன். நீலக் கேன் குடிக்கவும் சமைக்கவும். வெள்ளைக் கேன் பல் துலக்க. நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பின்னால் ஒரு குழாய் இருக்கிறது. அங்கே பிடித்து, வண்டியின் இரண்டு பக்கமும் கட்டி எடுத்து வருவேன்.

பால் காய்ச்சுவேன். ரொட்டியில் வெண்ணெய் தடவி டப்பாவில் வைப்பேன். மகளை எழுப்புவேன். ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். சடை பின்ன எனக்கு வரவில்லை. ரப்பர் பேண்டு போட்டுவிடுவேன்.

குளிக்க மட்டும் வீட்டு போர்வெல் தண்ணீர். தலையில் ஊற்றும்போது அவள் வாயை இறுக மூடிக்கொள்ள வேண்டும். மூடிக்கொள்வாள். உதடுகள் உள்ளே போய்விடும். பொம்மையைக் குளிப்பாட்டும்போது அதன் வாயையும் விரலால் பொத்துகிறாள்.

"எப்பப்பா வாயத் தொறந்துட்டுக் குளிக்கலாம்?"

"நம்ம சந்துக்கு பைப் வந்ததும்."

"பைப் எப்ப வரும்?"

"வாரியம் சொன்னதும்."

"வாரியம் இன்னும் எந்திரிக்கலையா?"

"இன்னும் இல்ல."

எங்கள் சந்தின் கோடியில் ஒரு முலாம் பூசும் ஆலை இருக்கிறது. ஆணி, திருகு, கதவுப் பிடி எல்லாவற்றுக்கும் பளபளப்பு ஏற்றுகிறார்கள். பளபளப்பில் மிச்சமானது மண்ணுக்குள் போகிறது. அதன் பெயர் காட்மியம். எங்கள் போர்வெல் தண்ணீரில் அது லிட்டருக்கு ஒன்பது மைக்ரோகிராம் இருப்பதாக வாரியத்தின் சோதனைக்கூடமே எழுதிக் கொடுத்தது. ஒன்பது அதிகமா, கொஞ்சமா என்று என் மனைவி கேட்டாள். அதைச் சொல்ல ஒரு வரம்பு வேண்டும், வரம்பு இன்னும் நிர்ணயமாகவில்லை என்றார்கள்.

அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். விடுகிற ஆள் இல்லை. நகராட்சிக்குப் போனாள். தண்ணீர் வரம்பை மீறியிருக்கிறது என்று வாரியம் சான்று கொடுத்தால் மறுநாளே சந்துக்குக் குழாய் பதிக்கிறோம் என்றார் பொறியாளர். வாரியத்துக்குப் போனாள்.

நுண்ணுலோக வரம்பு நிர்ணய வாரியம் எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இயங்கிவருகிறது. அதுவரை ஒரு உலோகத்துக்கும் வரம்பு நிர்ணயித்ததில்லை. ஆகவே அதன் ஆளுகையில் ஒரு வரம்பு மீறல்கூட நடந்ததில்லை. இந்தச் சாதனையை ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் ஆண்டுதோறும் அச்சிடுகிறார்கள்.

அவள் புகாருக்கு மேல் புகார் கொடுத்தாள். ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, வரம்புக் குழுவில் பொதுமக்கள் பிரதிநிதியாக நியமித்தார்கள். உறுப்பினர்கள் புகார் கொடுக்கக் கூடாது என்பது விதி. கழுத்தில் அடையாள அட்டையோடு வீட்டுக்கு வந்தவள், வாசலிலேயே நின்று சிரித்தாள்.

"பைசா செலவில்லாம என்னை விலைக்கு வாங்கிட்டாங்க, பாத்தீங்களா!"

பிறகு அவளுடைய சிறுநீரகங்கள் நின்றன. பிறகு மற்றவை.

கொஞ்ச காலம் கழித்து வாரியச் செயலர் போன் செய்தார்.

"சார், மேடம் சீட்டு காலியா இருக்கு. விதிப்படி மீதிக் காலத்துக்கு வாரிசு உக்காரணும். நீங்க வரலைன்னா கோரத்துக்கு ஒரு ஆள் குறையும், கூட்டம் நடக்காது. எங்களுக்கும் டீ பில் பாஸ் ஆகாது."

அக்காவிடம் சொன்னேன். அக்கா பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள். மாலையில் மகளைப் பார்த்துக்கொள்வது அவள்தான்.

"போடா. உன் பொண்டாட்டி பாதியில விட்டுட்டுப் போன வேலை அது. பொம்ம மாதிரி உக்காந்துட்டு வராத. நாலு கேள்வி நறுக்குனு கேளு."

நான் போனேன்.

கூட்ட அறை இரண்டாவது மாடியில். நீண்ட மேசை. ஒவ்வொரு இருக்கைக்கு முன்னாலும் மூடி உடைக்காத தண்ணீர் பாட்டில், வேறொரு ஊரிலிருந்து வந்தது. மூலையில் ஒரு கைகழுவும் தொட்டி. அதன்மேல் 'கை கழுவ மட்டும்' என்று எழுதி ஒட்டியிருந்தது. குளிர்சாதனம் ஓடவில்லை. ஜன்னல்கள் சாத்தியிருந்தன.

தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். எழுந்து நின்று பேசினார்.

"நம் பொதுமக்கள் பிரதிநிதியின் மறைவு ஈடுசெய்ய முடியாத இழப்பு. அந்த இழப்பை ஈடுசெய்ய அவருடைய கணவர் வந்திருக்கிறார். அவரை வரவேற்கிறோம்."

கைதட்டினார்கள். பிறகு ஒரு நிமிட மௌனம். பாதியில் டீ வந்துவிட்டது. மீதி மௌனம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டதாகச் செயலர் குறித்துக்கொண்டார்.

என் பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். விஞ்ஞானி. எல்லோரும் அவரைப் பூச்சியம்மா என்றார்கள். அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தார். டீ குடிக்கும் நேரத்தில் பேசுவது கேள்வி ஆகாது, அளவளாவல்தான் என்று சொல்லி, தைரியமாகப் பேசச் சொன்னார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

"வரம்பு எப்படி மேடம் முடிவு பண்றீங்க?"

"நீர்ப்பூச்சி வச்சுதான் சார். கடுகு அளவுதான் இருக்கும். கண்ணாடிக் குவளைல விட்டு, காட்மியத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவோம். பாதிப் பூச்சி செத்ததும் நிறுத்திடுவோம். அம்பது மைக்ரோகிராம்ல பாதி செத்துச்சு. அதனால வரம்பு அம்பதுன்னு வச்சோம்."

"பாதி செத்தா அது பாதுகாப்பா?"

"மேடமும் இதையேதான் கேட்டாங்க. 'மீதிப் பாதி நல்லா இருந்துச்சா?'ன்னு. நான் பாக்கல சார். பாதி செத்ததும் வீட்டுக்குப் போயிட்டேன். அப்ப அது சந்தேகம். ஒரு சந்தேகத்துக்கு ஒரு தடவை பத்தால வகுக்கணும், அதான் முறை. அம்பது அஞ்சாச்சு."

"இதுல மனுஷங்க எங்க வர்றாங்க?"

"மனுஷங்க வேற பிரிவு. மூணாவது மாடி. அங்க பெயின்ட் அடிக்கிறாங்க. நாங்க சுற்றுச்சூழல் மட்டும்தான்."

"என் பொண்ணு..."

"சுற்றுச்சூழல்ல வரமாட்டா சார்" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

ஆனாலும் எனக்கு நிம்மதியாக இருந்தது. வரம்பு ஐந்து. எங்கள் தண்ணீர் ஒன்பது. ஐந்தைவிட ஒன்பது பெரியது. கணக்கு டீச்சர் வேலையை முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். இன்று இந்த ஐந்தை உறுதிசெய்து கையெழுத்துப் போட்டால் போதும். சான்று வரும், குழாய் வரும், மகள் வாயைத் திறந்துகொண்டு குளிப்பாள்.

டீக் கோப்பைகளை எடுத்துப் போனார்கள். கூட்டம் மறுபடி தொடங்கியது. சட்டை முதுகில் ஒட்டியது. நான் செயலரைப் பார்த்து மெதுவாகக் கேட்டேன்.

"சார், ஜன்னலைத் திறக்கலாமா?"

செயலர் பேனாவை எடுத்தார்.

"பொதுமக்கள் பிரதிநிதி ஒரு கேள்வி எழுப்புகிறார்."

"இல்ல சார், புழுக்கமா இருக்குன்னு..."

"கூட்டம் நடக்கும்போது உறுப்பினர் எழுப்புற கேள்வி எல்லாமே சந்தேகம்தான். விதி அப்படி."

"இது ஜன்னல் பத்தின கேள்வி சார்."

"எதைப் பத்தின கேள்வின்னு நாங்க தரம் பிரிக்க ஆரம்பிச்சா அது பாரபட்சம் ஆயிடும் சார். பொதுமக்கள் கேள்விய நாங்க ஒரே மாதிரிதான் மதிக்கிறோம்."

ஐந்து, புள்ளி ஐந்தானது. ஜன்னல் பராமரிப்புப் பிரிவின்கீழ் வருவதால் திறக்கவில்லை.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். வரம்பு இறங்க இறங்க நமக்கு நல்லதுதானே. ஐந்தைவிட ஒன்பது பெரிது என்றால் அரையைவிட இன்னும் பெரிது. அக்கா சொன்னது சரிதான் என்று தோன்றியது.

அப்போது எதிரே உட்கார்ந்திருந்த ஆலைக்காரர் கையைத் தூக்கினார். தொழில்துறைப் பிரதிநிதி அவர்தான். எங்கள் சந்துக் கோடி ஆலையும் அவருடையதுதான். நல்ல உடம்பு, நல்ல சிரிப்பு, மடிப்புக் கலையாத கைக்குட்டை. அவர் எதிர்க்கப்போகிறார் என்று நான் முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

"தலைவர் அவர்களே, நான் ஆலை நடத்துறவன்தான். ஆனா நானும் பேரன் பேத்தி எடுத்தவன். இந்தத் தம்பியப் பாக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்குது. அரைன்னு போட்டிருக்கோமே, குழந்தைங்க குடிச்சா அது போதுமா?"

"சந்தேகம்" என்றார் செயலர். அரை, 0.05 ஆனது.

"வயித்துப் பிள்ளக்காரிங்க குடிச்சா?"

0.005.

ஆலைக்காரர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். தலைவருக்கும் கண் கலங்கிவிட்டது. உலகத்திலேயே இதைவிடக் கடுமையான வரம்பு கிடையாது என்று அறிவித்தார். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வெளியே வரும்போது ஆலைக்காரரின் கையைப் பிடித்து நன்றி சொன்னேன்.

"எதுக்குத் தம்பி நன்றியெல்லாம். சட்டத்தை எவ்வளவு வேணாலும் கடுமையாக்குங்க, நான் கூட நிப்பேன்" என்றார்.

அன்றைக்கு மகளிடம் வாரியம் எழுந்துவிட்டது என்று சொன்னேன்.

"பல்லு வெளக்கிடுச்சா?" என்று கேட்டாள்.

சான்று வாங்கப் போனேன். செயலர் என்னைச் சோதனைக்கூடத்துக்கு அழைத்துப்போனார். மேசையில் ஒரு இயந்திரம். மேலே பூப்போட்ட துணி போர்த்தியிருந்தது.

"சார், இந்த மெஷினோட பார்வை 0.1 வரைக்கும்தான். அதுக்குக் கீழ இதுக்குக் கண்ணு தெரியாது. நம்ம வரம்பு 0.005."

"எங்க தண்ணி ஒன்பது சார். ஒன்பது தெரியுதே."

"தெரியுது. ஆனா வரம்பையே பாக்கத் தகுதி இல்லாத மெஷின், வரம்பு மீறலைப் பத்திச் சாட்சி சொல்ல முடியுமா? தகுதியில்லாத சாட்சி சொன்னா நீங்க நம்புவீங்களா?"

"போன தடவை இதே மெஷின்தானே ஒன்பதுன்னு சொல்லுச்சு?"

"அப்ப வரம்பு இல்ல. வரம்பு இல்லாதப்ப மெஷின் என்ன வேணாலும் சொல்லலாம்."

நான் பொறுமையாகச் சொன்னேன். எங்கள் கடையில் சுவரில் எழுத்து அட்டை மாட்டியிருக்கிறோம். கடைசி வரி தெரியாதவர்கள் நிறையப் பேர் வருவார்கள். அவர்களுக்கு முதல் வரியின் பெரிய எழுத்தும் தெரியாது என்று நாங்கள் எழுதுவதில்லை. முதல் வரியைப் படித்தால் படித்ததாகத்தான் எழுதுவோம்.

செயலர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"அருமையான உவமை சார். ஆண்டறிக்கைல போட்டுக்கலாமா?"

"புது மெஷின் வாங்க முடியாதா?"

"வாங்கலாம். நிதிப் பிரிவு ஒண்ணே ஒண்ணுதான் கேக்கும், மீறல் நடந்ததுக்குச் சான்று இருக்கான்னு. மீறலே இல்லாத ஊருக்கு மெஷின் எதுக்குங்கறாங்க. அவங்க சொல்றதும் நியாயம்தானே?"

நகராட்சிப் பொறியாளரிடம் போனேன். அவர் நாளிதழில் வந்த செய்தியை வெட்டி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார்.

"சார், உலகத்துலயே கடுமையான வரம்புக்குள்ள இருக்கிற தண்ணி உங்க சந்துத் தண்ணி. எங்க வீட்டுத் தண்ணிக்கு வரம்பே கிடையாது. அதைவிட்டுட்டு எங்க பைப் தண்ணிய ஏன் கேக்கறீங்க?"

தண்ணீர் போனால் போகட்டும், மண்ணையாவது பார்ப்போம் என்று மகள் விளையாடும் இடத்திலிருந்து ஒரு டப்பா மண் அள்ளிக்கொண்டு மறுபடி வாரியத்துக்குப் போனேன். செயலர் டப்பாவைத் திறக்கவில்லை.

"மண்ணுக்கு வரம்பு ரொம்பச் சுலபம் சார். இயற்கையா எவ்வளவு இருக்கோ, அதுக்கு மேல போகக்கூடாது."

"இயற்கையா எவ்வளவு இருக்கு?"

"வாரியம் ஆரம்பிச்ச அன்னைக்கு மண்ணுல எவ்வளவு இருந்துச்சோ, அது இயற்கை."

"அதுக்கு முன்னாடியே ஆலை வந்துடுச்சே சார்."

"வாரியத்துக்கு முன்னாடி இருந்ததெல்லாம் இயற்கைதான்."

"ஆலையுமா?"

"ஆறு, மலை, ஆலை."

டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். கீழே பூச்சியம்மா பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் முதலில் வேறு பக்கம் திரும்பினார். பிறகு அவரே பக்கத்தில் வந்தார்.

"சார், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. அஞ்சுல நிறுத்தியிருந்தா உங்களுக்குச் சான்று கிடைச்சிருக்கும். அந்த மனுஷன் அழுது அழுதே அதைக் கண்ணுக்குத் தெரியாம பண்ணிட்டான்."

"நானும்தான் ஒரு பத்து வகுத்தேன். ஜன்னலுக்கு."

"ஒரு வழி இருக்கு. சந்தேகத்துக்குப் பத்தால வகுக்கற மாதிரி, நிச்சயத்துக்குப் பத்தால பெருக்கலாம். எல்லாரும் ஒத்துக்கற நிச்சயமா இருக்கணும். மூணு நிச்சயம் கொண்டுவாங்க. அஞ்சுக்கு வந்துடும். ரெண்டு கெடச்சாக்கூட மெஷினுக்குத் தெரியும்."

"அப்ப நான் போய்..."

"ஆமா சார். வரம்பை ஏத்தச் சொல்லிக் கேக்கணும்."

அக்காவிடம் சொன்னேன். தையல் மிஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"பெத்த பொண்ணுக்கு வெஷத்தைக் கூட்டிக் குடுங்கன்னு நீயே போய் நிக்கப்போற."

"வேற வழி இல்லக்கா."

"சரி, போ. ஆனா இந்தத் தடவை கேள்வி கேட்டுத் தொலைக்காத. எங்க, கேள்வியே இல்லாம எங்கிட்டப் பேசிக் காட்டு பாப்போம்."

"எதப் பத்தி?"

"ஆரம்பிச்சிட்டான் பாரு!"

அடுத்த கூட்டம் மீதியிருந்த மௌனத்தோடு தொடங்கியது. புழுக்கம் அப்படியே இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. என் முறை வந்ததும் எழுந்து, வீட்டில் பழகிய வாக்கியத்தைச் சொன்னேன்.

"காட்மியத்தின் வரம்பை ஆயிரம் மடங்கு உயர்த்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்."

யாரோ பாட்டிலைக் கீழே போட்டார்கள். ஆலைக்காரர் மெல்ல எழுந்தார்.

"தலைவரே, என் காதுல விழுந்தது சரியா தப்பான்னு தெரியல. இது பெத்த அப்பன் பேசற பேச்சா? தம்பி, உனக்கு வெக்கமா இல்ல? ஒரு ஆலைக்காரன் வரம்பைக் கொறைங்கறான், தகப்பன் கூட்டுங்கறான்! அந்தப் பச்சப்புள்ள மொகம் உன் கண்ணு முன்னால வரல?"

அவருடைய கேள்விகளைச் செயலர் எண்ணவில்லை. உணர்ச்சிவசப்பட்டுக் கேட்பவை கணக்கில் வராதாம்.

பக்கத்திலிருந்தவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். 'பொதுமக்கள் பிரதிநிதி அதிக நஞ்சு கோரினார்' என்று செயலர் எழுதுவது தலைகீழாக எனக்குத் தெரிந்தது.

"உங்கள் முதல் நிச்சயம்?" என்றார் தலைவர். தலைவரின் கேள்விகளும் சந்தேகம் ஆகாது. அவருக்குச் சந்தேகமே வரக்கூடாது என்று விதியிலேயே இருக்கிறது.

"போன கூட்டத்துல ஜன்னலத் திறக்கலாமான்னு கேட்டேன். ஜன்னல் திறக்கப்படல. இப்பவும் மூடித்தான் இருக்கு. இது நிச்சயம்."

எல்லோரும் திரும்பி ஜன்னலைப் பார்த்தார்கள். ஒருவர் எழுந்து போய்த் தள்ளிப் பார்த்துவிட்டு வந்தார். ஏற்றுக்கொள்ளப்பட்டது. 0.005, 0.05 ஆனது. பூச்சியம்மா மேசைக்கு அடியில் என் பக்கம் கட்டைவிரலைக் காட்டினார். இன்னும் ஒன்று கிடைத்தால் இயந்திரத்தின் கண்ணுக்குள் வந்துவிடும்.

"இரண்டாவது?"

"எங்க சந்துக் கோடியில முலாம் ஆலை இருக்கு. இது நிச்சயம்."

ஆலைக்காரர் சிரித்தார்.

"கட்டடம் இருக்கு. ஆனா காகிதத்துல கம்பெனியோட விலாசம் வேற ஊரு. எங்க இருக்குன்னு எங்க வக்கீலுக்கே இன்னும் தெளிவா தெரியல, இவருக்கு மட்டும் நிச்சயமா தெரியுதாம்."

தள்ளுபடி.

"வேறு?"

எனக்கு வேறு எதுவும் வரவில்லை. சந்தில் மழை பெய்தால் தண்ணீர் தேங்கும், ஆனால் அது நிச்சயமில்லை. மகளுக்கு முன்பல் ஆடுகிறது, எப்போது விழும் என்று தெரியாது. என்னிடம் இருந்தது ஒன்றுதான். அதை இங்கே சொல்லக் கூடாது என்று நினைத்துத்தான் வந்திருந்தேன்.

"என் மனைவி இறந்துட்டா" என்றேன். "இது நிச்சயம்."

ஒருவரும் மறுக்கவில்லை. தலைவர் தலையைக் குனிந்தார். ஆலைக்காரர்கூட கைக்குட்டையை எடுத்தார்.

"நிச்சயம்" என்றார் தலைவர். "பெருக்குங்கள்."

செயலர் பெருக்கினார். 0.5. பூச்சியம்மா மூச்சை விட்டார். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அரை. இயந்திரம் அரையைப் பார்க்கும். எங்கள் தண்ணீர் ஒன்பது. மகள் வாயைத் திறந்து பாட்டுப் பாடிக்கொண்டே குளிப்பது எனக்குக் காதில் கேட்டது.

"ஒரு நிமிஷம்" என்றார் தலைவர். "நாம் ஒரு விஞ்ஞான அமைப்பு. மரணம் என்றால் காரணமும் குறிக்க வேண்டும். காரணம்?"

"சிறுநீரகம் செயலிழந்துடுச்சு."

"அது எதனால்?"

"டாக்டர் தெரியலைன்னுதான் எழுதியிருக்கார்."

"தண்ணீரினால் இருக்கலாமா?"

"இருக்கலாம்."

"இல்லாமலும் இருக்கலாமா?"

செயலர் பேனாவோடு காத்திருந்தார்.

"மரணம் நிச்சயம், காரணம் சந்தேகம்" என்றார் தலைவர் கனிவாக. "பெருக்கிய பத்தால் வகுத்துவிடுங்கள்."

0.05. அவள் இறந்ததனால் கணக்கில் ஒரு மாற்றமும் ஏற்படவில்லை.

வேறு நிச்சயங்கள் இல்லாததால் 0.05 இறுதி வரம்பாக நிறைவேறியது. இயந்திரத்தின் பார்வை 0.1. குழாய் வராது. இன்றைக்கும் கேன் பிடிக்க வேண்டும், நாளைக்கும் பிடிக்க வேண்டும் என்பது மட்டும் புரிந்தது. அதை ஒரு நிச்சயமாகச் சொல்லியிருக்கலாம் என்று பிற்பாடு தோன்றியது. தீர்மானம் நிறைவேறிய பிறகு பெருக்கல் கிடையாது.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். ஆலைக்காரர் என்னை உட்காரச் சொல்லிக் கைகாட்டினார். அவருக்குக் கோபம் போய்விட்டிருந்தது.

"தலைவரே, தம்பி துக்கத்துல ஏதோ பேசிட்டாரு. நாம பெருசா எடுத்துக்க வேணாம். முதல் சந்தேகத்தை எழுப்பினவங்க அவர் சம்சாரம்தான். இந்த வரம்புக்கு அவங்க பேரையே வச்சுடுவோம். அவங்க படத்தையும் இங்க மாட்டுவோம். படச் செலவு எங்க ஆலையோடது."

பலத்த கைதட்டல். தலைவர் இரண்டு கைகளையும் உயர்த்தி அதை அடக்கினார்.

"இதைவிட ஒரு சாமானியருக்கு நாம் வேறென்ன செய்துவிட முடியும்? தண்ணீர் தரலாம், அதை யாரும் தருவார்கள். நாம் அவருக்கு ஒரு எண்ணையே தருகிறோம்!"

படம் எங்கே மாட்டுவது என்று பேசினார்கள். கைகழுவும் தொட்டிக்கு மேலே இடம் இருந்தது. படத்துக்குக் கீழே மறைந்த உறுப்பினரின் இறுதி மொழியைப் பொறிப்பது மரபு என்றார் செயலர். அவர் ஏற்கெனவே ஒன்றைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். என் கையெழுத்துக்காக நகர்த்தினார்.

'வருங்காலச் சந்ததிக்குத் தூய நீரை விட்டுச் செல்கிறேன். வாரியத்துக்கு என் நன்றி.'

"அவ இப்படிப் பேசமாட்டா" என்றேன்.

"கருத்து இதுதானே சார்? சாகற நேரத்துல எல்லாரும் வாக்கியத்தை முழுசா முடிக்கிறதில்ல. நாங்க கொஞ்சம் முடிச்சு வைப்போம்."

"அவ இதைச் சொல்லல."

தலைவர் கையை உயர்த்தினார்.

"அவர் சொல்வது சரி. நாம் விஞ்ஞான அமைப்பு. உண்மையில் என்ன சொன்னாரோ அதைத்தான் போட வேண்டும். நீங்களே எழுதிக் கொடுங்கள். ஒன்றுதான், கேள்வியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேள்வி என்றால் இன்னொரு பத்தால் வகுக்க வேண்டியிருக்கும்."

பேனாவைக் கொடுத்தார்கள்.

அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். கடையில், சந்தில், அவளுடைய பள்ளியில். குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்று அவர்களே ஒன்றை முடிவுசெய்துகொண்டு போனார்கள். நான் மறுத்ததில்லை.

ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தண்ணீர் குடிக்கத் தடை. உதட்டில் ஈரத்துணி மட்டும். கடைசி நாள் மாலை, ஒரு வாய் கொடுக்கலாம் என்று நர்ஸ் ஒரு எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்தாள். நான் அவளுடைய தலையைத் தூக்கிப் பிடித்தேன். டம்ளர் உதட்டில் பட்டது. அவள் குடிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து டம்ளரைத் தள்ளி, உள்ளே எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நர்ஸைப் பார்த்தேன். அவளுக்கும் தெரியவில்லை. கேட்டு வருகிறேன் என்று போனாள். அவள் திரும்பி வருவதற்குள் கேட்டவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

எழுதிக் கொடுத்தேன். பதிவுக்காக அதை உரக்கப் படிக்க வேண்டும் என்பது விதி. செயலர் எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

"எங்க புடிச்ச தண்ணி இது?"